தேயிலை பிடுங்கிய மண்ணில் வீட்டுத் தோட்டம்

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். திருப்பூரிலிருந்து நீலகிரியில் ஊட்டி பக்கத்துக் கேத்திக்குக் குடிவந்து ஒரு வருடம் ஆகிறது. வீட்டுக்குப் பின்னால் இரண்டு சென்ட் சரிவு நிலம், முன்பு தேயிலை இருந்த இடம். போன ஜூலையில் ஊரிலிருந்து கொண்டுவந்த வெண்டை, தக்காளி விதைகளைப் போட்டீர்கள். வெண்டை நாலு இலை விட்டதோடு மஞ்சளாகி நின்றுவிட்டது. தக்காளி இலை கறுத்து ஒரே வாரத்தில் செடி சாய்ந்தது. அப்புறம் போட்ட பீன்ஸ் ஜனவரிப் பனியில் ஒரே ராத்திரியில் போய்விட்டது. "மண் சரியில்லையா, எனக்குத்தான் கைராசி இல்லையா? எங்கே தொடங்குவது?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கைராசியில் குறை ஒன்றும் இல்லை. மூன்று செடியும் மூன்று காரணத்தால் செத்தன. வெண்டைக்குச் சூடான மண் வேண்டும். கேத்தி உயரத்தில் ஜூலை மாதச் சாரலில் அது கிடைக்காது. தக்காளிக்கு வந்தது பின்பருவக் கருகல் நோய். உருளைக்கிழங்கையும் அதே நோய்தான் தாக்கும். குளிரும் ஈரமும் சேர்ந்து நாலு நாள் நின்றால் போதும், வந்துவிடும். பீன்ஸை எடுத்தது உறைபனி. இந்த மூன்றும் தனித்தனிச் சங்கதி. ஆனால் இவை எதுவும் வராமல் இருந்திருந்தாலும் உங்கள் செடிகள் தேறியிருக்காது என்றே நினைக்கிறேன். காரணம் மண்ணின் புளிப்பு. ஆகவே பதிலில் பாதியை மண்ணுக்கே கொடுக்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் வளர்ந்தது கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் லயனில், அதாவது தொழிலாளர் வீட்டு வரிசையில். வீட்டுக்குப் பின்னால் நாலு பாய் விரிக்கும் அளவு இடம். அம்மா அதில் கீரையும் முள்ளங்கியும் அவரையும் போடுவார். அடுப்புச் சாம்பலை மழை படாமல் ஒரு பிஸ்கட் டின்னில் சேர்த்துவைத்து, விதைப்பதற்கு முன் மண்ணில் தூவிக் கொத்திவிடுவார். ஏன் என்று கேட்டால், "மண்ணு புளிச்சுக் கெடக்குடா, சும்மா போட்டா ஒண்ணும் வராது" என்பார். பல வருடம் கழித்து மண் பரிசோதனை அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தபோதுதான் அம்மா சொன்னது எவ்வளவு சரி என்று புரிந்தது. எங்கள் தோட்டத்து மண் அமிலம். சாம்பல் அந்த அமிலத்தைக் குறைக்கிறது.

நீலகிரியின் செம்மண் இயல்பிலேயே அமிலத்தன்மை உள்ளது. நூறு நூறு வருடமாக அடிக்கிற மழை, மண்ணில் இருக்கும் சுண்ணாம்பையும் மக்னீசியத்தையும் கரைத்து இறக்கிவிடுகிறது. தேயிலைக்கு அது பிடிக்கும். கார அமில நிலை (pH) 4.5 முதல் 5.5 வரை இருந்தால் தேயிலை சுகமாக வளரும். அதோடு தேயிலைக்குத் தொடர்ந்து போடும் தழைச்சத்து (நைட்ரஜன்) உரங்கள் அந்த மண்ணை மேலும் புளிக்க வைக்கின்றன. காய்கறிக்கோ 6 முதல் 6.8 வரை வேண்டும். இந்த அளவுகோலில் ஒரு எண் குறைந்தால் அமிலம் பத்து மடங்கு கூடுகிறது என்று அர்த்தம். அமிலம் கூடிய மண்ணில் மணிச்சத்து (பாஸ்பரஸ்) இரும்போடும் அலுமினியத்தோடும் கட்டிக்கொள்ளும், வேருக்குக் கிடைக்காது. நீங்கள் எவ்வளவு உரம் கொட்டினாலும் செடி பட்டினிதான். வெண்டை நாலு இலையோடு நின்றதில் குளிருக்கு ஒரு பங்கு என்றால் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

சரி, என்ன செய்வது? முதலில் மண்ணைச் சோதித்துப் பாருங்கள். நிலத்தில் ஐந்தாறு இடத்தில், மேல் குப்பையை ஒதுக்கிவிட்டு, ஒரு சாண் ஆழத்துக்கு ஆங்கில 'வி' எழுத்து மாதிரி குழி வெட்டி, அதன் பக்கச் சுவரிலிருந்து மேலிருந்து கீழாக ஒரு பத்தை மண் எடுங்கள். எல்லாவற்றையும் கலந்து நிழலில் உலர்த்தி, அரைக் கிலோ மட்டும் துணிப்பையில் போட்டு மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள். எங்கே கொடுப்பது என்று தோட்டக்கலை அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள். அட்டை வரும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. தேயிலை இருந்த மண் என்பதால் ஒன்றைத் துணிந்து செய்யலாம்: நாலு அடிக்குப் பத்து அடிப் பாத்திக்கு ஒரு கிலோ டோலமைட். சென்ட் கணக்கில் சுமார் 10 கிலோ. தேயிலை விவசாயிகளும் வாங்குவதால் மலையில் உரக்கடைகளில் இது எப்போதும் இருக்கும். வெள்ளையடிக்கும் சுட்ட சுண்ணாம்பை வாங்கிவிடாதீர்கள், அது வேரை எரித்துவிடும். டோலமைட் என்பது அரைத்த கல். மெதுவாகத்தான் வேலை செய்யும். சுண்ணாம்போடு மக்னீசியமும் தரும் என்பதுதான் அதில் விசேஷம்.

டோலமைட்டையும் சாணி உரத்தையும் ஒரே நாளில் கலக்காதீர்கள். கலந்தால் உரத்தில் இருக்கும் தழைச்சத்து காற்றோடு போய்விடும். டோலமைட்டைத் தூவி, அரை அடி ஆழத்துக்குக் கொத்திக் கலந்துவிட்டு, மூன்று வாரம் விடுங்கள். நடுவில் மழை இல்லையென்றால் லேசாகத் தண்ணீர் தெளியுங்கள். அப்புறம் மட்கிய சாணி உரம், பாத்திக்கு இருபது கிலோ. மணிச்சத்துக்கு ராக் பாஸ்பேட் ஓரிரண்டு கைப்பிடி. அமில மண்ணில்தான் அது நன்றாகக் கரையும். எலும்புத் தூளும் நல்லதுதான், ஆனால் அந்த வாசனைக்கு நாயும் காட்டுப்பன்றியும் வந்து பாத்தியைக் கிளறும். உருளைக்கிழங்குக்கு என்று ஒதுக்கும் பாத்திக்கு மட்டும் டோலமைட் வேண்டாம். உருளை ஓரளவு புளிப்பைத் தாங்கும். சுண்ணாம்பு கூடினால் கிழங்கின் தோலில் சொறி வரும்.

கொத்தும்போது பழைய தேயிலை வேர் தட்டுப்பட்டால் சோம்பல் படாமல் பொறுக்கி எடுத்துவிடுங்கள். மண்ணுக்குள் கிடந்து அழுகும் வேரில்தான் பூசணம் குடியிருக்கும். கிக்கூயு புல் இருந்தால் அதன் தண்டையும் கணுக் கணுவாக எடுக்க வேண்டும்; ஒரு கணு மிச்சம் இருந்தாலும் மழைக்குப் பாத்தி முழுக்கப் பரவிவிடும்.

இரண்டு சென்ட் முழுவதையும் ஒரே மூச்சில் கொத்திவிடாதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். கொத்திப்போட்ட சரிவில் ஒரு நல்ல மழை பெய்தால் மேல்மண் அத்தனையும் கீழ் வீட்டுச் சாக்கடைக்குப் போய்விடும். இந்த வருடம் மூன்று பாத்தி போதும். மிச்ச இடத்தில் புல்லோ செடியோ என்ன இருக்கிறதோ இருக்கட்டும். பாத்தியைச் சரிவுக்குக் குறுக்காக, மூன்று நாலு அடி அகலத்தில் எடுங்கள். இரண்டு பக்கமும் நின்று கையை நீட்டினால் நடு எட்ட வேண்டும். பாத்தியின் தளம் மலைப்பக்கமாக, உள்நோக்கி, லேசாகச் சாய்ந்திருக்கட்டும். தண்ணீர் விளிம்பு வழியாக வழியாமல் உள்பக்கம் சேர்ந்து, ஒரு சின்ன வாய்க்கால் வழியாகப் பக்கவாட்டில் இறங்க வேண்டும். விளிம்பில் கல் அடுக்குங்கள். இடம் கூடக் கிடைக்கிறதே என்று சரிவை நேராக வெட்டி இறக்காதீர்கள். 2009 நவம்பரில் பெய்த மழையில் குன்னூர், கேத்தி, கோத்தகிரி பக்கம் நிலச்சரிவுகளில் நாற்பது பேருக்கு மேல் இறந்தார்கள். சரிவை வெட்டுவதில் எனக்கு அன்றிலிருந்து பயம் உண்டு, அந்தப் பயம் உங்களுக்கும் இருப்பது நல்லது.

எந்த இடத்தில் பாத்தி போடுவது என்பதற்கு ஒரு நாள் செலவழியுங்கள். மலையில் பல நாள் மதியத்துக்கு மேல் மேகமூட்டம்தான். காலை வெயில்தான் நம்பிக்கையானது. கிழக்கு பார்த்த இடம் கிடைத்தால் விடாதீர்கள். அடுத்தது பனி. குளிர்ந்த காற்று கனமானது. ராத்திரி தண்ணீர் மாதிரி சரிவில் இறங்கிப் பள்ளத்தில் தேங்கும். தெளிந்த வானம், காற்றில்லாத ராத்திரி என்றால் மறுநாள் காலை பள்ளத்தில் வெள்ளை விரித்திருக்கும். ஆகவே கீழ்ப் பாத்தியில் பனி தாங்கும் பயிர், வீட்டை ஒட்டிய மேல் பாத்தியில் பனி தாங்காத பயிர். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இதை மறக்கக் கூடாது.

முட்டைக்கோஸ், கேரட், டர்னிப், பாலக், பூண்டு ஆகியவை ஓரளவு பனி தாங்கும். பட்டாணி இலை தாங்கும், பூ தாங்காது. பீன்ஸ், உருளை, தக்காளி, மேரக்காய் (சௌசௌ) தாங்கவே தாங்காது. பனி பட்ட பீன்ஸ் இலையைக் காலையில் தொட்டுப் பார்த்திருப்பீர்கள்: முதலில் கண்ணாடி மாதிரி விறைத்திருக்கும், வெயில் ஏறியதும் வேகவைத்த கீரை மாதிரி துவண்டு கறுத்துவிடும். சாயங்காலமே சாக்கையோ பெரணித் தழையையோ போட்டு மூடினால் பெரும்பாலும் தப்பிக்கும். மூட மறந்துவிட்டால், வெயில் வருவதற்கு முன் எழுந்து இலை மேல் தண்ணீர் தெளித்து பனியைக் கழுவிவிடுங்கள்.

இனி என்ன போடுவது என்பது. இங்கே காய்கறி விவசாயிகள் மூன்று போகம் சொல்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் தண்ணீர் பாய்ச்சி விதைப்பது நீர்போகம். ஏப்ரல், மே மழைக்கு விதைப்பது கார்போகம். ஆகஸ்ட், செப்டம்பரில் கடைபோகம். இப்போது பிப்ரவரி. மண்ணைத் திருத்த இரண்டு மாதம் இருக்கிறது, கார்போகத்துக்குச் சரியாக இருக்கும்.

முதல் பாத்தியில் முள்ளங்கி, பாலக், வெந்தயம், கொத்தமல்லி. இவை சீக்கிரம் பலன் காட்டும். முள்ளங்கி ஒன்றரை மாதத்தில் சாம்பாருக்கு வந்துவிடும். பாலக்கை வேரோடு பிடுங்காமல் வெளி இலையாகக் கிள்ளினால் மாதக்கணக்கில் தரும். முள்ளங்கி எப்படி வருகிறது என்று பார்த்தாலே மண் திருந்திவிட்டதா என்று தெரியும். இலை மட்டும் மதமதவென்று வந்து கிழங்கு விரல் மொத்தத்தில் நின்றால் தழைச்சத்து அதிகம். செடியே குட்டையாக, இலை ஊதா ஓடிப்போய் இருந்தால் மணிச்சத்து இன்னும் கிடைக்கவில்லை.

இரண்டாவது பாத்தி கேரட்டுக்கு. மலைக்கு வந்துவிட்டு கேரட் போடாமல் இருப்பது நியாயமில்லை. கேரட்டை நாற்றுவிட்டு நடக் கூடாது, நேரடியாக விதைக்க வேண்டும். அந்தப் பாத்திக்கு மட்கிப் பொடியான உரம்தான்; பச்சைச் சாணி பட்டால் கிழங்கு கால் கால் ஆகப் பிரியும். கல்லையும் சலித்து எடுங்கள். விதை பொடியானது, கையில் எடுத்துத் தூவினால் ஒரே இடத்தில் விழும். அதனால் நாலு பங்கு மணலோடு கலந்து ஒரு விரல்கடை ஆழக் கோட்டில் தூவி, மெல்லிசாக மண் மூடி, மேலே நனைத்த சாக்கை விரித்துவிடுங்கள். குளிரில் முளைக்கப் பத்துப் பதினைந்து நாள்கூட ஆகும். ஏழாம் நாளிலிருந்து தினமும் காலையில் சாக்கைத் தூக்கிப் பாருங்கள். முதலில் வருவது புல் மாதிரி இரண்டு மெல்லிய இலைதான், களை என்று நினைத்துப் பிடுங்கிவிடுவார்கள். முளை தெரிந்த அன்றே சாக்கை எடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தாமதித்தால் முளை சாக்கின் இழைக்குள் நுழைந்து, எடுக்கும்போது கையோடு வந்துவிடும். செடி விரல் உயரம் வந்ததும், நான்கு விரல் இடைவெளிக்கு ஒன்று விட்டு மிச்சத்தைக் கலைக்க வேண்டும். இங்கேதான் எல்லோருக்கும் மனசு வராது. கலைக்காவிட்டால் ஒன்றும் திரளாது. கலைத்த குட்டிகளின் இலையைப் பருப்பில் போடலாம், வாசமாக இருக்கும். மூன்றரை, நாலு மாதத்தில் அறுவடை.

மூன்றாவது பாத்தியில் செடி பீன்ஸும் பட்டாணியும். வேரில் முடிச்சு விட்டு மண்ணுக்குத் தழைச்சத்து சேர்க்கும் செடிகள் இவை. அறுவடை முடிந்ததும் தண்டை மட்டும் வெட்டிவிட்டு வேரை மண்ணிலேயே விடுங்கள். பாத்தி ஓரத்தில் இரண்டு அவரை விதையை ஊன்றி வையுங்கள். படகர் ஹட்டிகளில் (ஊர்களில்) வீட்டை ஒட்டி அவரைக் கொடி ஏறாத இடம் குறைவு; எந்த ரகம் இந்தப் பள்ளத்தாக்குக்குச் சரிப்படும் என்று பக்கத்து வீட்டு அக்காவைக் கேளுங்கள், கேட்டால் விதையையே மடியில் கட்டிக் கொடுப்பார்கள். கடை விதையைவிட அது நம்பகமானது.

முட்டைக்கோஸ், காலிஃபிளவர் இரண்டையும் முதல் வருடம் நான் சொல்ல மாட்டேன். காரணம் வேர் வீக்க நோய். செடி பகலில் வாடும், ராத்திரி தேறும், பிடுங்கிப் பார்த்தால் வேர் இஞ்சி மாதிரி முண்டு முண்டாக வீங்கியிருக்கும். புளிப்பு மண்ணில்தான் அது கொழிக்கும், வந்துவிட்டால் பல வருடம் மண்ணிலேயே இருக்கும். எங்கள் வீட்டு ஒரு பாத்திக்கு அது வந்தது, நான் யாரிடமோ சும்மா கிடைக்கிறதே என்று வாங்கி நட்ட நாற்றோடு. இன்றுவரை அந்தப் பாத்தியில் கோஸ் வைப்பதில்லை. மண் 7-ஐ நெருங்கிய பிறகு, தட்டில் வளர்த்த நாற்றாகப் பார்த்து வாங்கி நடுங்கள்.

உருளைக்கிழங்குக்கும் இதே எச்சரிக்கை. 1961-இல் ஊட்டி பக்கம் உருளையில் முட்டைக்கூடு நூற்புழு கண்டுபிடிக்கப்பட்டது. வேரில் கடுகைவிடச் சின்ன, தங்க நிற உருண்டையாகத் தெரியும். அந்தக் கூட்டுக்குள் முட்டைகள் பல வருடம் உயிரோடு காத்திருக்கும். முத்தோரையில் இருக்கும் மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிலையத்தில் இதற்குத் தாங்கும் குஃப்ரி ஸ்வர்ணா என்ற ரகத்தை உருவாக்கினார்கள். வீட்டுத் தோட்டக்காரருக்கு இதில் உள்ள பாடம் இரண்டு: காய்கறித் தோட்டத்து மண்ணை லாரியில் வாங்கி நிரப்பாதீர்கள், ஒரே பாத்தியில் உருளை, தக்காளி இரண்டையும் அடுத்தடுத்துப் போடாதீர்கள், இரண்டும் ஒரே குடும்பம், நூற்புழுவும் கருகல் நோயும் இரண்டுக்கும் பொது.

தக்காளி வேண்டும் என்றால் மேலே கூரை வேண்டும். மூங்கிலைப் பிளந்து வளைத்து, மேலே பாலித்தீன் தாள், பக்கம் திறந்து. இலையில் மழை படாவிட்டால் கருகல் பாதி குறையும். அது இரண்டாம் வருட வேலை. ஆனால் மரத்தக்காளி ஒன்றை இப்போதே நடுங்கள். வீட்டுச் சுவரை ஒட்டி, காற்று மோதாத இடமாக, பனி விழாத இடமாக. கிளை சட்டென்று முறியும் என்பதால் ஒரு ஊன்றுகோல். ஒன்றரை, இரண்டு வருடத்தில் காய்க்கும். சுட்டுத் தோலுரித்துப் பச்சை மிளகாயோடு அரைத்தால் அப்படி ஒரு சட்னி. மேரக்காயும் அதே போல: முளைவிட்ட முழுக் காயையே சாய்வாக, பாதி வெளியே தெரியும்படி வைத்துப் பந்தல் போட்டால் போதும், நாலைந்து மாதத்தில் அக்கம்பக்கத்துக்கும் கொடுக்கலாம். பனிக்குக் கொடி கருகினாலும் கிழங்கிலிருந்து திரும்பத் துளிர்க்கும்.

பூண்டைக் கடைபோகத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. பூம்பாறை சரிவுகளில் படிப்படியாக அதைப் பார்க்கலாம். குளிர்மலைக்கு ஏற்ற பயிர், குரங்கும் தொடாது.

கத்தரி, வெண்டை, முருங்கை, கறிவேப்பிலை இவற்றை மறந்துவிடுங்கள். சுமார் 1,000 மீட்டர் உயரத்தில் இருக்கும் கூடலூரில் இருந்தால் நான் வேறு பதில் எழுதியிருப்பேன். கேத்தி அதைப்போல இரண்டு மடங்கு உயரம்.

உரம் வீட்டிலேயே செய்யலாம், ஆனால் குளிரில் மட்க ஆறேழு மாதம் ஆகும். சமையலறைக் கழிவு ஒரு பங்கு, காய்ந்த இலை இரண்டு பங்கு. சீகை என்று இங்கே சொல்லும் வாட்டில் மரத்து இலை, சில்வர் ஓக் இலை நல்லது. யூகலிப்டஸ் என்கிற கற்பூர மரத்து இலை வேண்டாம். மட்கவும் மட்காது, பக்கத்தில் முளைப்பதையும் கெடுக்கும். முக்கியமாக, மூடி இறுக்கமான டிரம்மில் செய்யுங்கள். பழத்தோல் வாசனைக்குக் கரடி வரும், வந்த இடத்துக்குத் திரும்பத் திரும்ப வரும். அது உங்களுக்கு மட்டுமல்ல, அந்தத் தெருவில் விடிகாலை தேயிலைப் பறிக்கப் போகும் பெண்களுக்கும் ஆபத்து.

முள்ளம்பன்றி கிழங்கைத் தோண்டும். பழைய தகரத்தை ஒரு அடி மண்ணுக்குள் புதைத்து, இரண்டு அடி மேலே தெரிய நிறுத்தினால் அடங்கும். குரங்குக்கு வலை. காட்டெருமை வந்தால் ஒன்றும் செய்யாதீர்கள், வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்துங்கள். முட்டைக்கோஸுக்காக அதன் முன்னால் போய் நிற்க வேண்டாம். வேலியில் வீட்டு மின்சாரத்தைக் கொடுக்கும் யோசனையை யாராவது சொன்னால் கேட்காதீர்கள். அது சட்டப்படி குற்றம், அதைவிட, முதலில் சாவது வேலிப் பக்கம் விளையாடப் போகும் குழந்தையாக இருக்கலாம்.

மழைக்காலத்தில் நத்தை வரும். ராத்திரி டார்ச் அடித்துப் பொறுக்கி உப்புத் தண்ணீர் வாளியில் போடுங்கள்; பாத்தியில் உப்பைத் தூவக் கூடாது. காலையில் இளஞ்செடி அடியில் அரிவாளால் வெட்டியதுபோல் கிடந்தால் அது வெட்டுப்புழு. செடியைச் சுற்றி விரலால் கிளறினால் மண்ணுக்குள் சுருண்டு கிடக்கும்.

இந்த வாரம் மூன்று பாத்திக்குக் கோடு போட்டு, வேர் பொறுக்கி, மூன்று கிலோ டோலமைட் தூவிக் கொத்திவிடுங்கள். தேதியைச் சுவர்க் காலண்டரில் குறியுங்கள். மூன்று வாரம் கழித்துச் சாணி உரம். ஏப்ரலில் இரண்டு நல்ல மழை பெய்து மண் உள்ளே வரை நனைந்ததும் முள்ளங்கி. அது எப்படி வருகிறது, இலை என்ன நிறத்தில் இருக்கிறது என்று எழுதுங்கள். மண் பரிசோதனை அட்டையும் அதற்குள் வந்திருக்கும், அதில் உள்ள எண்ணையும் சேர்த்துச் சொல்லுங்கள். கேரட்டை அப்போதே போடலாமா, ஆகஸ்ட் வரை பொறுக்கலாமா என்று அதைப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.